பெயர்க்கல்லின் கீழே

பழைய பெயர்க்கல்லை இறக்க வந்த கிரேன் லாரி நீதிமன்ற வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வாசல் வளைவுக்கு மேலே பதித்திருந்த கருங்கல் அது. ‘காப்புரிமைத் தீர்ப்பாயம்’ என்று ஆழமாக வெட்டியிருந்தது. கல்லைப் பிடித்திருந்த இரும்புப் போல்ட்டுகளைக் கேஸ் கட்டரால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். தீப்பொறி படிகளில் விழுந்து தெறித்தது. புதுப் பலகையைச் சாக்கில் சுற்றி மதிலில் சாய்த்திருந்தார்கள். ‘அறிவுசார் சொத்து விரைவு நீதிமன்றம்’. சாக்கு ஒரு மூலையில் கிழிந்து ‘விரைவு’ மட்டும் வெளியே தெரிந்தது.

பட்டறைக்காரன் பக்கத்துக் கதவு வழியாக முற்றத்துக்குள் வந்தான். இடது கை பேன்ட் பைக்குள் இருந்தது. அந்தக் கையில் மூன்று விரல்கள் மடங்காது. வழக்குப் போட்ட புதிதில் இரண்டு பேர் அவன் பட்டறைக்கே வந்து, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அவனுடைய வைஸிலேயே அந்தக் கையை வைத்து, ஏதோ கல்யாண வீட்டுக் கதை பேசிக்கொண்டே திருகினார்கள். எலும்பு உடைந்த பிறகும் ஒரு சுற்று திருகினார்கள். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. போலீஸில் ஆள் அடையாளம் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

வக்கீலம்மா மரத்தடியில் காத்திருந்தாள். கையில் கோப்பு.

“இன்னிக்கு மனு மாத்தலன்னா கேஸ் தானா செத்துப்போகும். புது கோர்ட்டுக்குக் கொண்டுபோறதா, வாபஸ் வாங்குறதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“வாபஸ்தான்மா. நேத்தே சொல்லிட்டேனே.”

“புது சட்டம் உங்களுக்குத்தான் நல்லது. இனிமே நிபுணர் அறிக்கை, அதுக்குப் பதில் அறிக்கை, பதிலுக்குப் பதில்னு வருஷக்கணக்கா இழுக்க முடியாது. ஒரே நாள் விசாரணை. பொருளை நீதிபதியே கையில எடுத்துப் பார்ப்பாரு. தோத்தாலும் எதிராளி வக்கீல் செலவு முழுசையும் உங்க தலையில கட்ட முடியாது.”

“எல்லாம் சரி. பொருளைத்தான் அறுத்துப் பார்த்தாச்சே. உள்ள ஒண்ணும் இல்லயே.”

அவள் கோப்பை மூடினாள்.

பொருள் என்பது கல் தூக்கும் கிடுக்கி. தொழிலில் அதை நண்டு என்பார்கள். இரண்டு இரும்புக் கால்கள் கல்லைக் கவ்வும். கயிறு இறுக இறுகப் பிடி இறுகும். ஆனால் தூக்கிய கல் எங்காவது இடித்து, கயிறு ஒரு நொடி தொய்ந்தால், பிடி விட்டுவிடும். கீழே நிற்பவன் கதை முடிந்தது. பட்டறைக்காரனின் அண்ணன் கதை அப்படித்தான் முடிந்தது. இடுப்புக்குக் கீழே கல்லுக்கு அடியில், இடுப்புக்கு மேலே உயிரோடு, “கல்லை எடுக்காதீங்கடா, எடுத்தா செத்துருவேன்” என்று சொல்லிக்கொண்டு கிடந்தான். எடுத்தார்கள். செத்தான். கல்லை எடுத்தவர்களில் ஒருவன் பட்டறைக்காரன். இன்னொருவன் அவன் தங்கச்சி புருஷன்.

அதற்குப் பிறகுதான் பட்டறைக்காரன் நண்டின் வயிற்றுக்குள் ஒரு நாக்கு வைத்தான். பிடி இறுகியதும் அந்த இரும்பு நாக்கு கால்களுக்கு நடுவில் விழுந்து உட்கார்ந்துகொள்ளும். கயிறு தொய்ந்தாலும் பிடி விடாது. பட்டறையில் கூட நின்று அதை வளைத்தவனும் அறுத்தவனும் அந்தத் தங்கச்சி புருஷன்தான். பிறகு ஒருநாள் அவன் வேலையை விட்டுவிட்டுக் கல் ஏற்றும் கம்பெனி ஒன்றில் மேஸ்திரியாகச் சேர்ந்தான். சேர்ந்த சூட்டோடு அந்தக் கம்பெனி, வயிற்றை மூடிப் பற்றவைத்த புது நண்டு ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

நாக்கின் காப்புரிமை தனக்கே என்று பட்டறைக்காரன் வழக்குப் போட்டான். தங்கச்சி வீட்டு வாசலில் நின்று ஊரே கேட்க மேஸ்திரியைத் திருட்டுப் பயல் என்றான். மேஸ்திரி கடப்பாரையோடு வந்தான். தங்கச்சி நடுவில் விழுந்தாள். அன்றோடு அவள் அண்ணனோடு பேச்சை நிறுத்தினாள்.

தீர்ப்பாயத்தில் கம்பெனி சத்தியம் செய்தது. எங்கள் நண்டில் நாக்கு கிடையாது, இது காலங்காலமாக இருக்கிற சாதா நண்டு, அழகுக்காக மூடியிருக்கிறோம், கயிறு தொய்ந்தால் எங்களுடையதும் விட்டுவிடும், இதுவரை நாக்கு வைத்து ஒன்றுகூடச் செய்ததில்லை. கடைசியில் ஒரு நண்டை நீதிபதி முன்னால் அறுத்தார்கள். வயிறு காலி. பட்டறைக்காரனே கையை விட்டுத் துழாவிப் பார்த்தான்.

அதன் பிறகு அவனுக்குத் தூக்கம் போனது. தப்பாகச் சொல்லிவிட்டோமோ? மேஸ்திரி நாக்கைப் பற்றிக் கம்பெனியில் வாயைத் திறக்காமல்தான் இருந்தானோ? இதோடு விட்டுத் தொலைத்தால் தங்கச்சியாவது பேசுவாள். ஆனால் வாபஸ் வாங்கினால் நாக்கு யாருடையது என்று கேட்க இனி நாதியில்லை. கம்பெனி நாளைக்கே அதைத் தன் பேரில் பதிந்துவிட்டுப் பட்டறைக்குப் பூட்டுப் போடலாம். அண்ணனைத் தின்ற கல்லிலிருந்து பிறந்த சாமானை அவன் கையால் செய்யக்கூட முடியாது.

“கையெழுத்து எங்க போடணும்?” என்றான்.

“உள்ள போடலாம். வாசல் திறக்கட்டும்.”

வாசலில் போல்ட்டுகள் அறுந்து முடிந்திருந்தன. கிரேன் கொக்கியிலிருந்து நண்டு இறங்கிக் கல்லின் தலையைக் கவ்வியது. பட்டறைக்காரனுக்குத் தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது. மூடிய வயிறு, மேலே கம்பெனி முத்திரைத் தகடு. கல் இறக்கும் வேலையை அதே கம்பெனிதான் எடுத்திருந்தது. கீழே, கல் ஆடாமல் இழுத்துத் திருப்பும் வழிகயிற்றைப் பிடித்து நின்றவன் மேஸ்திரி. தலையில் மஞ்சள் தொப்பி, ஒரு கை இடுப்பில்.

“பாரும்மா, கோர்ட்டு பேரைக் கழட்டவும் அவனுக நண்டுதான்” என்று சிரிக்கப் பார்த்தான் பட்டறைக்காரன்.

கல் வளைவை விட்டுக் கிளம்பியது. ஆடியது. மேஸ்திரி வழிகயிற்றை இழுத்தான். கல் சுற்றித் திரும்பி, அதன் ஒரு மூலை வளைவின் விளிம்பில் போய் உட்கார்ந்தது. கயிறு தொய்ந்தது.

“விடுது! ஓடுங்கடா!” என்று யாரோ கத்தினார்கள். கட்டர் பிடித்தவன் குதித்தான். சுமைகாரர்கள் நாலாபக்கமும் சிதறினார்கள். மேஸ்திரி மட்டும் அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றான்.

பட்டறைக்காரன் ஓடியது அவனுக்கே தெரியாது. முற்றத்தைத் தாண்டி, லாரிச் சக்கரத்தைத் தாண்டி, தலையால் மேஸ்திரியின் வயிற்றில் முட்டினான். இரண்டு பேரும் சரளைக் கல்லில் உருண்டார்கள். மேஸ்திரியின் முகம் நடைபாதைக் கல்லில் மோதியது. உதடு பிளந்தது. ஒரு பல் எகிறி வெளியே விழுந்தது. பட்டறைக்காரன் அவன்மேல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

ஒன்றும் விழவில்லை.

“எந்திரி! மேல விழுந்து கொல்லுறியா?” மேஸ்திரி ரத்தத்தைத் துப்பினான். “அது விழாது மச்சான்! பைத்தியமா உனக்கு? அது விழாதுடா!”

பட்டறைக்காரன் மெதுவாகத் தலையைத் தூக்கினான். கயிறு வளைந்து தொங்கியது. கல் தன் மூலையை விளிம்பில் வைத்துக்கொண்டு மீதி உடம்பை அந்தரத்தில் நீட்டியிருந்தது. நண்டின் கால்கள் ஒரு நூல்கூட அகலவில்லை.

அவன் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரியும் அவனைப் பார்த்தான். என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் மேஸ்திரிக்கு உறைத்தது.

“மச்சான்...”

“சாதா நண்டுதானே மாப்ள? தொய்ஞ்சா விட்டுடும்னுதானே சத்தியம் பண்ணீங்க?”

“கோர்ட்டுல அறுத்தது வேற. இதை என் உசிருக்காக எடுத்துட்டு வந்தேன் மச்சான். உங்க அண்ணனைப் பார்த்தவன் நான். சாதா நண்டுக்குக் கீழ என்னால நிக்க...”

முடிக்கவில்லை. பட்டறைக்காரனின் கைக்கு லாரி அடியில் கிடந்த இரும்பு வளையம் கிடைத்தது. அதைப் பிடித்த கையால் தாடையில் அடித்தான். காய்ந்த விறகு முறிகிற மாதிரி கேட்டது. மேஸ்திரியின் வாய் ஒரு பக்கமாகப் போய் அங்கேயே நின்றுவிட்டது. இரண்டாவது அடி காதுமேல் விழுந்தது. மூன்றாவதற்கு ஓங்கியபோது வக்கீலம்மா கத்தினாள்.

“விட்டுருங்க! லாரியைப் பாருங்க, லாரியை!”

கம்பெனி மேனேஜர் காரிலிருந்து இறங்கி ஓடிவந்துகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, கையில் போன். அவன் கிரேன்காரனைப் பார்த்துக் கத்தினான்.

“எந்த நண்டைடா எடுத்துட்டு வந்தீங்க? இறக்கு! கல்லை இறக்கிட்டு லாரியை எடு! எடுடா!”

கல் கீழே இறங்கினால் நண்டு லாரியில் ஏறிவிடும். லாரி போய்விட்டால் அந்த நண்டை இனி யாரும் பார்க்க முடியாது. பட்டறைக்காரன் வளையத்தைப் போட்டுவிட்டு எழுந்து, நேராகப் போய், தொங்குகிற கல்லுக்கு அடியில் நின்றான்.

“இப்ப இறக்கு” என்றான்.

கிரேன்காரன் வாடகைக்கு வந்தவன். லிவரிலிருந்து கையை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டான். “கீழ ஆள் நிக்குறான் சார். என்னால ஆகாது. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு.”

“இழுத்துப் போடுங்கடா அவனை!” மேனேஜர் சுமைகாரர்களைப் பார்த்தான்.

நான்கைந்து பேர் ஓடிவந்தார்கள். கல்லின் நிழல் தரையில் விழுந்த இடத்துக்கு வந்ததும் நின்றார்கள். கயிறு இன்னும் தொய்ந்தே இருந்தது. அவர்கள் தினமும் சாதா நண்டோடு வேலை செய்கிறவர்கள்.

“நீங்க வாங்க சார், சேர்ந்து இழுப்போம்” என்றான் ஒருவன்.

மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஒருவன் நீளமான கம்பியை எடுத்து வந்து வெளியிலிருந்தே குத்தினான். முதல் குத்து தொடையில். இரண்டாவது விலாவில் பட்டு உள்ளே ஏதோ முறிந்தது. பட்டறைக்காரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உள்ளங்கைத் தோல் கம்பியோடு போனது. இன்னொருவன் சரளைக் கல்லை அள்ளி வீசினான். ஒன்று புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. மூச்சு விட்டால் விலா குத்தியது. நாலு கால் பிராணி மாதிரி முழங்காலும் கையும் ஊன்றிக் குனிந்துகொண்டான். இடத்தை விட்டு நகரவில்லை.

நீதிமன்றப் படியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வக்கீல்கள், டவாலி, தட்டச்சுக்காரப் பெண்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரரும் நிழலின் ஓரம் வரை வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டு, அங்கேயே விசிலை மட்டும் ஊதினார்.

மேனேஜர் மேஸ்திரியின் கையைப் பிடித்துத் தூக்கினான். “நீ போ. உனக்குத்தான் பயமில்லயே. போய் இழுத்துட்டு வா. இல்லன்னா நாளைக்கு நீயும் வேணாம், உன் வேலையும் வேணாம்.”

மேஸ்திரி தாடையைக் கையில் ஏந்திக்கொண்டு நிழலுக்குள் நடந்தான். நடையில் தயக்கமே இல்லை. மழைக்கு ஒதுங்குகிறவன் போலப் போனான். உள்ளே போய்ப் பட்டறைக்காரனின் தலைமுடியைப் பிடித்தான். பட்டறைக்காரன் அவன் மணிக்கட்டைக் கடித்தான். பல் எலும்பு வரை போனது. மேஸ்திரி தொண்டைக்குள் ஊளையிட்டான். முழங்காலால் உடைந்த விலாவில் இடித்தான். பட்டறைக்காரன் வாந்தி எடுத்தான். எடுத்துக்கொண்டே மேஸ்திரியின் காலைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் விழுந்தார்கள். ஒருவன் இழுக்க, ஒருவன் ஒட்டிக்கொள்ள, தரையில் ஒரு சிவப்புக் கோடு போனது. மேலே கல் லேசாக ஆடி, விளிம்பில் உரசி, தூள் கொட்டியது. கூட்டத்தில் பெண்கள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். கீழே இருந்த இரண்டு பேரும் ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை.

“நிறுத்துங்க.”

நீதிபதி படியில் நின்றார். புது நீதிமன்றத்துக்கென்று மாற்றலாகி வந்தவர். அங்கியின் ஒரு கையை மாட்டியும் இன்னொன்றை மாட்டாமலும் இருந்தார். பக்கத்தில் வக்கீலம்மா கோப்பைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் அதைப் படித்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார்.

“இது உங்க கம்பெனி செய்த சத்தியமா? கயிறு தொய்ந்தால் விட்டுவிடும்?”

“ஆமாங்கய்யா. சாதா நண்டுங்க.”

“அப்போ ஒரு மனுஷனை எதுக்குக் கீழ அனுப்பினீங்க?”

மேனேஜர் வாயைத் திறந்து மூடினான். “அவன்... கொஞ்சம் தைரியசாலிங்கய்யா.”

“கொல்றதுக்கு அனுப்பினீங்களா, விழாதுன்னு தெரிஞ்சு அனுப்பினீங்களா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க. முதலாவதுன்னா போலீஸ் இதோ நிக்குது. ரெண்டாவதுன்னா நான் நிக்குறேன்.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜரின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. போனைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான்.

“வாதி வாபஸ் வாங்குறாரா?” என்று நீதிபதி வக்கீலம்மாவைக் கேட்டார்.

அவள் கல்லுக்கு அடியில் பார்த்தாள். பட்டறைக்காரன் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கியிருந்தான்.

“இல்லம்மா” என்றான். “மாத்து. புது கோர்ட்டுக்கே மாத்து.”

விசாரணை முற்றத்திலேயே நடந்தது. டவாலி ஒரு நாற்காலியும் மேசையும் கொண்டுவந்து போட்டார். தட்டச்சுக்காரப் பெண் மடியில் எந்திரத்தை வைத்துக்கொண்டாள். கம்பெனி வக்கீல் மூச்சிரைக்க வந்து, நிபுணர் அறிக்கைக்கு அவகாசம் வேண்டும் என்றார். அந்தப் பழக்கம் அந்தக் கல்லோடு போய்விட்டது என்றார் நீதிபதி. லாரியில் அதே மாதிரி மூடிய நண்டு இன்னொன்று கிடந்தது. மேஸ்திரி எப்போதும் துணைக்கு ஒன்று கொண்டுவருவான். அதை இறக்கி, போல்ட்டு அறுத்த அதே கட்டரால் வயிற்றைக் கிழித்தார்கள். மூடி கழன்றதும் உள்ளே நாக்கு சிவந்து தெரிந்தது. அசைத்தபோது கால்களுக்கு நடுவில் போய் டக்கென்று உட்கார்ந்தது.

பட்டறைக்காரனை மரத்தடியில் சாய்த்து வைத்திருந்தார்கள். நீதிபதி அவனிடம் கேட்டார்:

“இது உங்களோடதா?”

“வளைவைப் பாருங்கய்யா. என் வைஸோட தாடையில வச்சு வளைச்சா அந்தப் பக்கம் பல்லு பதியும். என் வைஸுல ஒரு பல்லு உடைஞ்சது. அந்த இடம் மட்டும் பதியாது. அச்சு எடுத்தவனுக அதையும் சேர்த்தே எடுத்திருக்கானுக.”

நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரியால் பேச முடியாது. கேட்காமலே தலையை மட்டும் ஆட்டினான். ஆமாம் என்று.

மேனேஜர் கேட்டை நோக்கி நடக்கப் பார்த்தான். சுமைகாரர்களில் கம்பியால் குத்தியவன் குறுக்கே போய் நின்றான். “எங்களுக்கு மட்டும் சாதா நண்டா சார்?” என்று சட்டையைக் கொத்தாகப் பிடித்து முகத்தில் ஒன்று விட்டான். மூக்கு சப்பையானது. விலக்கிவிட யாரும் அவசரப்படவில்லை.

இடைக்கால உத்தரவு அங்கேயே வந்தது. நாக்கு வைத்த நண்டைச் செய்யவோ பயன்படுத்தவோ கம்பெனிக்கு அந்த நிமிடத்திலிருந்து தடை. பட்டறைக்காரனின் அனுமதி இல்லாமல் யாரும் தொடக்கூடாது. பொய்ச் சத்தியத்துக்குத் தனி விசாரணை.

எல்லாரும் கலைந்த பிறகு டவாலி மரத்தடிக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

“ஒரு சின்னச் சிக்கல் தம்பி. கல்லு இன்னும் தொங்குது. இறக்கணும்னா அந்த நண்டைப் பயன்படுத்தணும். அதுக்கு உங்க அனுமதி வேணுமாம். ஐயா கேட்டுவரச் சொன்னாரு.”

பட்டறைக்காரன் சிரித்தான். சிரித்ததும் விலா பிடித்துக்கொண்டு மூச்சு நின்றது.

“இறக்குங்க” என்றான்.

கல் இறங்கித் தரையைத் தொட்டது. கயிறு முழுசாகத் தொய்ந்தது. நண்டு விடவில்லை. கிரேன்காரன் கொக்கியை ஆட்டிப் பார்த்தான். சுமைகாரர்கள் காலை இழுத்துப் பார்த்தார்கள். எங்கே தட்டினால் திறக்கும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பட்டறைக்காரனால் எழ முடியவில்லை.

மேஸ்திரி படியிலிருந்து எழுந்து வந்தான். சுத்தியலை எடுத்தான். முத்திரைத் தகட்டின் கீழ் ஓரத்தில், பார்க்காமலே, ஒரே தட்டு. கால்கள் விரிந்தன. கல் முகம் குப்புறச் சாய்ந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான்.

போலீஸ்காரர் நோட்டோடு நின்றார். “தாடைய உடைச்சது யாருப்பா?”

மேஸ்திரி மரத்தடியைக் கை காட்டினான்.

“நான்தான்” என்றான் பட்டறைக்காரன்.

“நண்டு விஷயம் இந்தக் கோர்ட்டோட சரி. தாடைக்கு வேற கோர்ட்டு. ஏறு வண்டியில, முதல்ல ஆஸ்பத்திரி. இவன் உனக்கு என்ன வேணும்?”

“தங்கச்சி புருஷன்.”

போலீஸ்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னிக்கு அந்தப் பொண்ணு கையால ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது.”

வண்டி ஒன்றுதான் இருந்தது. எதிரெதிர்ப் பலகையில் உட்கார வைத்தார்கள். முழங்கால்கள் இடித்துக்கொண்டன. மேஸ்திரி தாடையை இரண்டு கைகளாலும் தாங்கியிருந்தான். தெருவெல்லாம் குண்டும் குழியும். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அவன் தொண்டையிலிருந்து கழுத்தறுபட்ட ஆட்டின் சத்தம் வந்தது. கண்ணில் நீர் முட்டியது. டிரைவர் கழுத்தைத் திருப்பிப் பட்டறைக்காரனிடம், “மெதுவாப் போகட்டுமா?” என்று கேட்டார்.

பட்டறைக்காரன் விலாவை அமுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தான். வண்டி அதே வேகத்தில் போனது.